மேஸ்திரியின் பட்டைக் குவியல்

ஆம்பூர், 1928 டிசம்பர் 23.

கிறிஸ்துமஸ் பவனியில் பாதி வழியிலேயே லாந்தர் அணைந்துவிட்டது. வாசலில் தோல் பதனிடும் ஆவாரம்பட்டைக் குவியல் தெரிந்ததால், டேனரி மேஸ்திரியின் வீடென்று நினைத்து, என் பாடகர் குழுவைப் பூமியிலே சமாதானம் என்று பாட வைத்தேன். கதவைத் திறந்தவன் சாமுவேல். சுருதி சேராதவன் என்று குழுவிலிருந்து நான் விரட்டியவன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. மேஸ்திரி இந்த வருஷம் பட்டையைத் தன் பக்கத்து வீடான அவன் வாசலில் கொட்டியிருக்கிறார்!

"அண்ணே, நீங்களே தேடி வந்துட்டீங்களே!" என்று அழுதான்.

வீடு தவறி வந்துவிட்டோம் என்று சொல்லலாம்தான்; ஆனால் பாடிவிட்ட சமாதானத்தை எப்படித் திரும்ப வாங்குவது?

"இன்னாத்துக்கு அழுவுற? வா, பாடு" என்றேன்.

பாடினான். மேஸ்திரி வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

ஆண்டவரே, சமாதானம் தந்தீர், ஸ்தோத்திரம். பண்டிகை ஆராதனையில் என் பக்கத்திலேயே நிற்பானாம். அவனுக்குச் சுருதியும் தாரும். இல்லையென்றால் அன்றைக்கு மட்டும் என் காதை அடைத்துவிடும்.