மொட்டை மாடியில் பதினொரு பேர்

பல்லடம்,
22.6.2025

அன்புள்ள நைனாவுக்கு,

நான் நலம். ஹாஸ்டல் போனில் பேசினால் வார்டன் பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் கடிதம். வீட்டிலிருந்து வந்து போகிற என் வகுப்புத் தோழி சாய்ப்ரியா இதைத் தபாலில் போடுவாள். பதிலையும் அவள் வீட்டு முகவரிக்கே எழுதுங்கள்.

போன வாரம் இன்ஸ்பெக்‌ஷன். நூலக அலமாரியைத் திறந்து ஆளுக்கொரு கதைப் புத்தகம் கொடுத்து, வட்டமாக உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். எடுத்ததுமே, "சீக்கிரம் குடுங்க, பூட்டணும்" என்று திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நான் அப்போதுதான் மூன்றாம் பக்கத்தில் இருந்தேன். கொடுக்கவில்லை நைனா. கெமிஸ்ட்ரி கைடுக்குள் வைத்துக்கொண்டேன். தப்புதான், திட்டாதீர்கள்.

காணாமல் போன படகைத் தேடும் கதை. சாயங்காலம் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போகும்போது, ஆறாம் வகுப்பு நஃபீசாவுக்கு ஓர் அத்தியாயம் படித்துக் காட்டினேன். "இதுல பரீட்சைக்கு என்னங்க்கா வரும்?" என்று கேட்டாள். "ஒண்ணும் வராது" என்றேன். மறுநாள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்! துணி மடிக்கிற மாதிரியே உட்கார்ந்து கேட்கிறார்கள். ஒரே பாவாடையை நஃபீசா நாலு தடவை மடித்தாள்.

இவர்கள் படிக்கிற மாதிரி நாலைந்து புத்தகம் வாங்கி வருவீர்களா?

உங்கள் அன்பு மகள்,
பிந்து

கணபதி,
29.6.2025

அன்பு அம்மணிக்கு,

லேத்தை நிறுத்திவிட்டு உன் கடிதத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "நம்ம அம்மணி டீச்சராயிருமுங்க" என்றான் தம்பிதுரை. உன் அம்மாதான், "படிக்க அனுப்புனா கதை சொல்லீட்டிருக்காளா?" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை கண்ணு. நேற்று உங்கள் பிரின்சிபாலுக்கே போன் போட்டேன். "ஏனுங்க சார், எம்பொண்ணு மாடியில சின்னப் பிள்ளைகளுக்குக் கதைப் புஸ்தகம் படிச்சுக் காட்டுதுங்களாமா. ஒரு ரூம் குடுத்தீங்கன்னா நானே ஷெல்ஃப் அடிச்சுத் தாரேனுங்க" என்றேன். "ரொம்ப சந்தோசமுங்க, நான் பார்த்துக்கறேனுங்க" என்றார். இந்நேரம் இடம் கொடுத்திருப்பார்.

புத்தகமும் வாங்கி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
நரசிம்மலு

பல்லடம்,
6.7.2025

நைனா,

ஏன் போன் செய்தீர்கள்?

திங்கட்கிழமையே மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். துணியெல்லாம் கீழே வராந்தாவில்தான், காய்வதே இல்லை. கைடைப் பிரித்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள். பிரின்சிபால் திட்டவில்லை. "உன்னோட ஆர்வத்த வீணாக்க மாட்டோம்மா" என்று, ஆறாம் வகுப்புக்கு என்னையே ஸ்டடி லீடராகப் போட்டுவிட்டார். பாடப்புத்தகம் தவிர வேறு ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று தினமும் இரண்டு மணி நேரம் நான் பார்க்க வேண்டும். என் பின்னால் வார்டன் நிற்பார்.

"அக்கா, அப்புறம் அந்தப் படகு என்னாச்சுங்க?" என்று நஃபீசா கேட்டாள். "கணக்கப் போடு" என்றேன்.

என்னை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள். அங்கேயே ஏதாவது பள்ளியில் சேர்ந்துகொள்கிறேன்.

பிந்து

கணபதி,
13.7.2025

அன்பு மகளுக்கு,

நல்லது நடக்கும் என்று நினைத்துத்தான் பேசினேன் கண்ணு. இங்கே இரண்டு பள்ளியில் கேட்டுப் பார்த்தேன். பிளஸ் ஒன் இடம் முடிந்துவிட்டதாம். "லீடராக்கியிருக்காங்க, அத உட்டுப்போட்டு வருவாளா?" என்கிறாள் அம்மா. சொந்தக்காரர் எல்லோரிடமும் சொல்லியும்விட்டாள். இன்னும் ஒன்றே முக்கால் வருடம்தான், பொறுத்துக்கொள்.

வாங்கிய புத்தகங்களைப் பிரின்சிபாலிடமே கொடுத்துவிடட்டுமா? அடுத்த ஞாயிறு வாரேன்.

நரசிம்மலு

பல்லடம்,
17.7.2025

நைனாவுக்கு,

நலம். நன்றாகப் படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். புத்தகங்களைப் பிரின்சிபாலிடம் கொடுக்காதீர்கள். அவை அலமாரிக்குள்தான் போகும்.

நஃபீசா மீதிக் கதையை அவளாகவே கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். படகுக்குள் ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறதாம், மணியே அடிக்காதாம். நான் மூன்று வரி படிப்பதற்குள் வார்டன், "அது என்னம்மா?" என்றார். நானே நோட்டை வாங்கி அவரிடம் கொடுத்துவிட்டேன்.

அவள் அழவில்லை. நேற்றிலிருந்து என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறாள்.

பிந்து