குடும்பப் பெயர் இல்லாதவர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எழுதுகிறேன், மன்னியுங்கள். முட்டிவலி குறைந்ததா? காஜா பேராங்கில் நான் எடுத்திருக்கும் வாடகை அறை வசதிதான்.

அலுவலகத்தில் ஒரு சின்னக் குழப்பம். மருத்துவமனைப் படிவத்தைக் காப்புறுதிப் படிவத்துக்குள் பொருத்தும் எக்ஸ்எம்எல் என்ற கணினிக் குறிமொழி வேலை என்னுடையது. திங்கட்கிழமை தமிழ்ப் பெயர்கள் மட்டும் பிழை என்று திரும்பின. மருத்துவமனைப் படிவத்தைத் தனியாகச் சோதித்தால் சரி, உள்ளே வைத்தால் பிழை. யாரோ கைவைத்ததாக எல்லோரையும் சந்தேகித்தேன். கடைசியில் பார்த்தால், குடும்பப் பெயர் கட்டாயம் என்ற காப்புறுதி வெளிப்படிவத்தின் விதி உள்படிவத்தையும் பிடித்திருந்தது. நமக்கேது குடும்பப் பெயர்? சரிசெய்துவிட்டேன்.

மேலாளர் தெய்வானை சிரிக்கவில்லை. "இவ்ளோ சீக்கிரம் கண்டுபுடிச்சிட்டியே, நீயே வெச்ச பிழையா, சீதா?" என்றார்.

ஊறுகாய் அனுப்பச் சொல்லுங்கள். பஸ் வருகிறது.

உங்கள் மகள்,
சீதா

சுவரில் மாட்டியிருக்கும் என் பட்டச் சான்றிதழையும் கழற்றி அனுப்புங்கள், அப்பா. அது உண்மையானதா என்று அலுவலகத்தில் பார்க்க வேண்டுமாம்.