முடிச்சில் இருந்த தீப்பெட்டி

அக்கா,

நேற்று திண்டிவனத்திலிருந்து உன் மகள் வந்தாள். உன் சமையலறைப் பரணை ஒழித்தவள், பழைய ஊறுகாய் ஜாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து நின்றாள். "சித்தி, கேஸ் அடுப்புக்கு லைட்டர் இருக்குதே, அம்மா எதுக்கு இத்தினி தீப்பெட்டி சேத்து வெச்சிருந்துச்சு?" என்றாள். நான்கு பெட்டிகள். ஒரு குச்சிகூட உரசப்படவில்லை. நான்கும் என்னுடையவை.

அவளிடம் என்னவென்று சொல்வேன்? அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரே வரப்பின் இரண்டு பக்கமும் கரும்பு போட்ட ஓரகத்திகள் நாம்.

கரும்பு வெட்டியபின் வயலில் கிடக்கும் காய்ந்த இலையும் சோகைதான், உடம்பில் ரத்தம் குறைந்தாலும் சோகைதான். 'சோகை பற்றிய கூட்டம்' என்று ஊராட்சி அலுவலகத்தில் எழுதிப் போட்டிருந்ததைப் பார்த்து, சத்து மாத்திரை கொடுப்பார்கள் என்று போய் உட்கார்ந்தாய். பேச வந்ததோ வேளாண்மை அதிகாரி. "மாத்திரை வாங்கிக்கினு வரலாம்னு போனா, சோகையக் கொளுத்தாதீங்க, அபராதம் போடுவோம்னு சொல்லி அனுப்பிட்டாங்கடி" என்றாய். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. நீ சிரிக்கவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு இழுப்பு வந்து, படுக்க முடியாமல் உட்கார்ந்தே கிடந்தவள் நீ. புகை நெஞ்சில் தங்கிவிடும் என்று அவர் சொன்னது உனக்குத்தான் உறைத்தது.

ஆனாலும் 'கொளுத்தாதே' என்று ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை. சோகையை அள்ள ஆள் கிடைக்காத பாட்டையும், வெட்டிய கரும்பின் கட்டை சீக்கிரம் துளிர்க்க வேண்டிய அவசரத்தையும் நீ அறிவாய். வெட்டு முடிந்த அன்று வரப்பேறி வந்தாய். "அடுப்பு பத்த வெக்கணும், தீப்பெட்டி குடுடி." கொடுத்தேன். நீ வீடு போய்ச் சேருவதற்குள், முந்தானை முடிச்சில் வைத்திருந்த இன்னொரு பெட்டியை எடுத்துக் கொளுத்தினேன். மறு ஆண்டும் அதே கதை. உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் குஷி வேறு.

மூன்றாம் ஆண்டு பெட்டியை வாங்கிக்கொண்டு நாலடி நடந்தாய். நின்று மூச்சு வாங்கினாய். திரும்பி வந்து கையை நீட்டினாய்.

"முடிச்சுல இருக்கறதையும் குடு."

உன் முகத்தில் கோபமே இல்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாய். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த ஆண்டு சோகையைக் கரும்பு வரிசைகளுக்கு நடுவே பரப்பினோம். நீயும் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து பரப்பினாய். களை அடங்கியது, ஈரமும் நின்றது. அந்த ஐப்பசியில்தான் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் உன் மூச்சு நின்றது.

என் புகையும் ஒரு காரணம் என்று யாரும் சொல்லவில்லை. உன் மகள்கூடச் சொல்லவில்லை. நானே சொல்கிறேன் அக்கா. எல்லாம் தெரிந்தும் இரண்டு வருஷம் என்னைப் பொறுத்துக்கொண்டாயே, அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

அந்த ஜாடியை மகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்று காலை மேற்கு வயலில் வெட்டு முடிந்து, அதைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் தம்பி கொளுத்துவதற்குச் சோகையைக் குவித்துக்கொண்டிருந்தான். வரப்பேறிப் போனேன். "அடுப்பு பத்த வெக்கணும், தீப்பெட்டி குடுப்பா." சிரித்துக்கொண்டே கொடுத்தான். நாலடி நடந்துவிட்டுத் திரும்பினேன்.

"சட்டைப் பையில இருக்கறதையும் குடு."

ஜாடியில் இப்போது ஆறு பெட்டிகள், அக்கா.