ஒன்பது செடிக்கு எழுதிய அறிக்கை

மார்ச் 4, செவ்வாய்

பள்ளிக்கூடச் சாலை மருதாணி வேலியை முழுக்க நடந்து பார்த்தேன். முந்நூறு மீட்டரில் ஒன்பது செடிக்கு வேரழுகல். மருந்தும் ஒன்பது நாற்றும் கேட்டு அறிக்கை கொடுத்தேன். நகராட்சித் தோட்ட மேற்பார்வையாளராகப் பதினாறு வருடம் குப்பை கொட்டியாயிற்று. ஒரு நாற்று வாங்க இன்னும் மூன்று கையெழுத்து வேண்டும்.

மார்ச் 11

பதில் இல்லை.

மார்ச் 19, புதன்

பொறியாளர் கூப்பிட்டார். மேசையில் என் அறிக்கை. 'நோய் தாக்கியுள்ளது' என்ற இடத்தில் சிவப்புக் கோடு.

"வேலிய எடுத்துட்டு சுவர் கட்டப்போறோம்மா. நீங்களே எழுதிட்டீங்க, எங்களுக்கு வேலை சுலபம்."

"சார், ஒன்பது செடிதான். மருந்து ஊத்தினா—"

"ஒன்பதோ தொண்ணூறோ, நோய் நோய்தானே?"

மார்ச் 20

வேலிக்குள் இருக்கும் குருவிக் கூடுகளில் குஞ்சு இருக்கிறது, இரண்டு மாதமாவது தள்ளிப்போடுங்கள் என்று கடிதம் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மார்ச் 26, புதன்

காலை ஏழரை மணிக்குள் இயந்திரம் பாதி வேலியைப் பிடுங்கிவிட்டது. அதைப் பன்னிரண்டு வருடமாக வெட்டிச் சீர்செய்து வந்த அக்கா (எங்களுக்கெல்லாம் அவள் 'கத்திரி') இயந்திரத்துக்குக் குறுக்கே போய் நின்றாள். "குஞ்சு இருக்குப்பா, கொஞ்சம் பொறு!"

ஓட்டுநர் நிறுத்திவிட்டு உத்தரவைக் காட்டினார். என்னையும் காட்டினார். "இந்த மேடம்தானே எழுதிக் குடுத்தது?"

கத்திரி திரும்பி என்னைப் பார்த்தாள். ஒதுங்கிவிட்டாள். ஐயோ, நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டிருக்கக் கூடாதா?

மார்ச் 27

"உண்மையத்தானே எழுதின? நீ என்ன பண்ணுவ?" என்கிறார் வீட்டுக்காரர். ஆமாம், உண்மையைத்தான் எழுதினேன். அப்போ அத்தனை செடியையும் கொன்னது யாரு — நான் இல்லையா?

ஏப்ரல் 9

கத்திரி வேறு வட்டத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிப் போய்விட்டாளாம். என்னிடம் சொல்லவில்லை.

மே 6, செவ்வாய்

ஆஸ்பத்திரிச் சாலை வேலிக்குப் போனேன். அறுநூறு மீட்டர். நான்கு செடியின் அடித்தண்டு கறுத்திருக்கிறது. இப்போது மருந்து ஊற்றினால் பிழைக்கும். விட்டால் மழைக்காலத்தில் வரிசையாகப் பரவும். மருந்து அறைச் சாவி பொறியாளரிடம். கேட்டால் காரணம் எழுத வேண்டும்.

படிவத்தில் 'குறை ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பொறியாளர் படித்துப் பார்த்தார். "பரவாயில்லையே, இத நல்லா வச்சிருக்கீங்க."

"ஆமா சார்" என்றேன்.