குருவி பாடும்வரை

2025 மார்ச் 3
ஆஸ்பத்திரியில் துணி மடிக்கிற வேலைக்குத் திரும்பப் போனேன். என் மகன் துஷாந்த் டான்சானியாவில் காய்ச்சலில் செத்து ஐந்து மாதம்.

மார்ச் 8
வினுஷா வந்தாள். அவனோடு யூனியில் படித்தவள், டான்சானியாவில் அவன் வேலை செய்த மலைக்காட்டிலும் கூட இருந்தவள். இருவருக்கும் கலியாணம் கட்டுகிற யோசனை இருந்ததாம். எனக்கு அவன் சொல்லவில்லை.

அவன் அங்கே ஆராய்ச்சி செய்த குருவியின் படம் காட்டினாள். மஞ்சள் வயிறு, கைக்குள் அடங்கும். எறும்பும் பூச்சியும் தின்னுமாம். இதற்காக ஆறு மாதம் குளிரில் கிடந்தான். அம்மாவிடம் வர இரண்டு நாள் லீவில்லை.

மார்ச் 9
குருவியில் எரிச்சல்படுகிற மனுசி நான் ஒருத்திதான் இருப்பேன்.

மார்ச் 15
குருவிச் சத்தம் பதியும்போது ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அவன் நாளும் இடமும் சொல்வானாம். அதை வினுஷா வெட்டி எடுக்கிறாள்!

"யூனிக்குக் குருவி மட்டும்தான் வேணும் அன்ரி."

"குருவியை வச்சுக்கொண்டு என்ர பிள்ளையை எறியிறியோ?"

"எறியேல்லை. வேறயா வச்சிருக்கிறன். நூற்றுப் பன்னிரண்டு."

என்னிடம் அவன் குரல் இருப்பது ஒன்று, போனில். "அம்மா, பிறகு எடுக்கிறன்." அவ்வளவுதான்.

"ஏன் எனக்குத் தரேல்லை?"

"தந்தா எனக்கெண்டு ஒண்டும் இராது."

வெளியே போ என்றேன்.

மார்ச் 16
கள்ளி. - நான் என்றாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மார்ச் 22
மாசியம், அவனுக்கு மாதாமாதம் படைக்கிற நாள். வினுஷா சொல்லாமலே வந்து, குசினியில் வெங்காயம் வெட்டினாள். "ஆர் இந்தப் பிள்ளை?" என்று அயல்வீட்டு இரஞ்சிதம் அக்கா கேட்டா. "கூடப் படிச்ச பிள்ளை" என்றேன், அவளுக்குக் கேட்கத்தக்கதாக.

சாப்பிடாமல் போய்விட்டாள். படையலுக்குப் பக்கத்தில், அவன் படத்தடியில் ஒரு யூஎஸ்பி. மேலே '112' என்று எழுதியிருந்தாள்.

மார்ச் 29
இதை எங்கே குத்துவது என்றும் தெரியாது. அயலில் கேட்கலாம். அவன் குரலை ஊரார் முதலில் கேட்கவோ? வேண்டாம்.

ஏப்ரல் 5
அவளையே கூப்பிட்டேன். வந்தாள். போட்டாள்.

துஷாந்த் ரகசியமாக இங்கிலீஷில் கதைத்தான். எனக்குப் பாதி விளங்கவில்லை. அவள் அவனோடு சேர்ந்து வாய்க்குள் சொன்னாள், ஒரு சொல் பிசகாமல். எனக்குத் திரும்ப எரிந்தது.

சடக்கென்று நின்றது.

"பிறகு?"

"பிறகு குருவி அன்ரி. அது பாடி முடியுமட்டும் இவர் மூச்சும் விடமாட்டார்."

"அதுக்குள்ளயும் இவன் இருக்கிறானோ?"

"ஓம். பக்கத்தில. சத்தம் போடாமல்."

வெட்டாத முழுப் பதிவைப் போடச் சொன்னேன். அவளிடம் லாப்டொப்பில் இருந்தது. நாலு நிமிடம். இருவரும் அசையவில்லை.

ஏப்ரல் 6
வினுஷா ஐந்து மணிக்கு வருவாள். அரிசி இருவருக்கும் போட்டேன். லாப்டொப்பை மறக்காதே என்று இரண்டு தரம் போன் எடுத்துவிட்டேன்.