ஏழாங்கட்டைத் தொட்டி

சேசு மரி சூசை

பண்டமாரான், கிள்ளான்
9.10.2025

அன்பு மகன் டெரன்ஸுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அப்பாவின் சர்க்கரை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, அது அவரை மாதிரியேதான். நீயும் ஷாமினியும் பாப்பாவும் அந்த டப்ளின் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று செபமாலையில் உங்களுக்காகத் தனியாக வேண்டிக்கொள்கிறேன். பாப்பாவுக்குப் பல் முளைத்த வீடியோவைத் தெருவில் எல்லாருக்கும் காட்டிவிட்டேன். தினமும் போனில் முகம் பார்க்கிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் குறுக்கே பேசுவாய், அப்பா பக்கத்தில் இருந்து எழுந்து போய்விடுவார், சொல்ல வந்தது பாதியில் நிற்கும். அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து முழுதும் படி.

ஜனவரியில் பாப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுக்க டிக்கெட் எடுத்துவிட்டாய். நம் தோட்டத்துச் சந்தியாகப்பர் கோவிலில், அப்பாவும் நீயும் முழுக்கு வாங்கின அதே கல் தொட்டியில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாய். அந்தத் தொட்டி இப்போது அங்கே இல்லை. போன சனிக்கிழமை லோரியில் ஏற்றி அம்பாங்குக்கு அனுப்பிவிட்டோம். உடையவும் இல்லை, திருடு போகவும் இல்லை, உரியவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. உனக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும், எனக்கும் இருந்தது.

எல்லாம் ஈஸ்டரில் ஆரம்பித்தது. பாஸ்கா இரவு மந்திரித்த தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி வைத்தோம், ஞாயிறு சாயந்தரம் பார்த்தால் இரண்டு விரல்கடை குறைந்திருந்தது. ஆவியாகப் போயிருக்கும் என்றார் அப்பா. பதினெட்டு வருடம் கையுறைத் தொழிற்சாலையில் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டை பார்த்தவளிடம் இந்தக் கதை நடக்குமா. ஓரத்தில் மாவைத் தூவிப் பார்த்தேன், தண்ணீர் வழிகிற மூக்குப் பக்கம் மயிரிழை மாதிரி ஈரம் கோடு போட்டது. விரிசலை அடைக்க வேண்டுமென்றால் முதலில் பெயிண்டைச் சுரண்ட வேண்டும். அந்தப் பெயிண்ட் யார் கைவரிசை என்று உனக்குத் தெரியும். உன் அப்பா போர்ட்டில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கப்பலுக்கு அடித்து மிஞ்சின பெயிண்டைக் கேட்டு வாங்கி வந்து அந்தத் தொட்டிக்கு அடித்திருக்கிறார். நாற்பத்தைந்து வருடத்துப் பெயிண்ட், உரிக்க உரிக்கப் பலாப்பழத் தோல் மாதிரி வந்துகொண்டே இருந்தது. அதற்கும் அடியில் பட்டி பூசியிருந்தது. பட்டி பெயர்ந்து விழுந்ததும் எழுத்து தெரிந்தது. ஏழாங்கட்டைத் தோட்டச் சனங்கள் உபயம் 1926, கீழே சின்னதாகக் கல்வேலை தம்புசாமி. ஏழாங்கட்டை நம் தோட்டம் இல்லை, ஏழாவது மைலில் இருந்த வேறு தோட்டம்.

உன் தாத்தா சொன்ன கதை என்ன? பிரெஞ்சுச் சாமியார் ஒருவர் கப்பலில் கொண்டுவந்து நம் கோவிலுக்குக் கொடுத்த தொட்டி, அந்த மூக்கு பிரான்ஸ் தேசத்து வேலைப்பாடு என்பதுதானே. உன் கல்யாண விருந்தில்கூட மைக்கைப் பிடித்துக்கொண்டு ஷாமினி வீட்டாரிடம் அதைத்தான் பெருமையாகச் சொன்னாய். பெயிண்ட் போன பிறகு பார்த்தால் அது பிரான்ஸும் இல்லை ஒன்றும் இல்லை, சிவன் கோவிலில் அபிஷேகத் தண்ணீர் வழிகிற கோமுகி. தண்ணீர் ஊற்றிச் சாமி காரியம் செய்கிற கல் என்று சொல்லியிருப்பார்கள், தம்புசாமி தனக்குத் தெரிந்த மாதிரி மூக்கு வைத்துக் கொடுத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. சுரண்டுகிற தகட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் நாள் காப்பார் ரோட்டு நெரிசலில் கார் நகராமல் நிற்கும்போது தானாகவே சொன்னார். 1979இல் ஆயர் வருகிறார் என்று கோவிலை வெள்ளையடித்தபோது இவருக்குப் பத்தொன்பது வயது. உபதேசியாராக இருந்த தாத்தா இவரைக் கூப்பிட்டு, தொட்டியில குழி குழியா இருக்கு, பட்டி வெச்சு மூடிடு என்றாராம். குழி இல்லப்பா, எழுத்து மாதிரி இருக்கு என்று இவர் சொன்னதற்கு, சொன்னத செய்டா என்றாராம். ஏழாங் என்பது வரைக்கும் படிச்சேன், அதுக்கு மேல படிக்கலை, படிச்சா கேட்கணும்ல என்றார் அப்பா. நாற்பத்தாறு வருடம் இதை மனதுக்குள் வைத்துக்கொண்டு வருடா வருடம் பெயிண்ட் அடித்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது.

ஃபாதர் அந்த எழுத்தைப் படம் எடுத்துக் கோவில் செய்தித்தாளில் போட்டு, ஏழாங்கட்டைக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். தோட்டமே இல்லாமல் போய் எத்தனையோ வருடம் ஆயிற்று, யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தோம். மூன்று வாரம் கழித்து அம்பாங்கிலிருந்து தங்கமணி அக்கா என்று ஒருவர் போன் பண்ணினார். எண்பத்து நாலு வயது, மகள் கூட்டி வந்தாள். வந்ததும் வணக்கம் சொல்லவில்லை, நேரே தொட்டியிடம் போய் மூக்குக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். அங்கே ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது, மாட்டு வண்டியில் ஏற்றும்போது பெயர்ந்ததாம். 1950இல், கம்யூனிஸ்டுச் சண்டை நடந்த அவசரகாலத்தில், அவர்கள் தோட்டத்தைக் காலி பண்ணிச் சனங்களைக் கம்பிவேலி போட்ட கம்பத்தில், புதுக்குடியிருப்பில் கொண்டுபோய் வைத்தார்கள். கோவிலையும் பிரித்துவிட்டார்கள். தொட்டியை மட்டும் விட மனசில்லாமல் பத்திரமாக இருக்கட்டும் என்று நம் தோட்டத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடைசியாக அதில் முழுக்கு வாங்கியது இவருடைய தம்பி. நாற்பது நாள் குழந்தை, அந்தக் கம்பத்திலேயே காய்ச்சலில் போய்விட்டதாம்.

அப்புறம் அவர் சொன்னதுதான் எங்களுக்கு அடி. நாங்க கேட்டு வர்ற வரைக்கும் வெச்சிருங்கன்னுதான் குடுத்தோம், கேட்டும் வந்தோம்லா என்றார். 1961இல் அவரும் அவர் அப்பாவும் பஸ் மாறி மாறி வந்து கேட்டிருக்கிறார்கள். உன் தாத்தா உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்துவிட்டு, உங்க தொட்டி வந்த வழியிலயே உடைஞ்சு போச்சு, இது கப்பல்ல வந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். எங்கப்பாவுக்கு எழுத்து தெரியும், பாத்துட்டுத்தான் வந்தாரு, சாமி வீட்டுல நின்னு சண்டை போடக் கூடாதுன்னு வந்துட்டாரு என்றார் தங்கமணி அக்கா. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தாத்தாவைக் கெட்டவர் என்று நினைக்காதே. பதினொரு வருடத்தில் நம் சனங்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதில் முழுக்கு வாங்கியாயிற்று, கொடுத்துவிட்டால் தகர வாளிக்குத்தான் போக வேண்டும். அந்தப் பயத்தில் ஒரு பொய் சொன்னார், அப்புறம் அந்தப் பொய்க்குக் காவல் இருக்க வேண்டியதாகிவிட்டது. எனக்கு அவர் நல்ல மாமனார், நான் மருமகளாக வந்த புதிதில் எனக்காக உன் பாட்டியிடம் வாதாடினவர். ஆனாலும் செய்தது தப்பு, அதை உன்னிடம் மறைக்க எனக்கு இஷ்டமில்லை.

அம்பாங்கில் ஏழாங்கட்டைப் பிள்ளைகள் ஒரு கடைவீட்டு மாடியில் செபக்கூடம் வைத்திருக்கிறார்கள், எவர்சில்வர் கிண்ணத்தில்தான் ஞானஸ்நானம் நடக்கிறது. தொட்டியைத் தருவீர்களா என்று தங்கமணி அக்கா நேராகவே கேட்டார். நம் கோவிலில் கூட்டம் போட்டோம். எழுபத்தைந்து வருஷம் நம்மகிட்ட இருந்தது நம்மளுதுதான் என்றார்கள் பாதிப் பேர். அவர்களுக்கு இன்னொன்று செய்து கொடுப்போம் என்றார்கள். உன் அப்பா கூட்டத்தில் வாயே திறக்காதவர், அன்றைக்கு எழுந்து நின்று பட்டி பூசின கதையை முழுக்கச் சொன்னார். எம்பேத்திக்கு ஜனவரியில இதுலதான் முழுக்குன்னு இருந்தோம், அது முடிஞ்சு குடுக்கலாம்னு எனக்கே ஆசை வந்துச்சு, அந்த ஆசைதான் எங்கப்பாவுக்கும் வந்துச்சு, அதனால இப்பவே குடுத்துடுங்க என்று சொல்லி உட்கார்ந்தார். கொடுப்பது என்று முடிவாயிற்று. கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அவரைப் பார்த்து நான் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான் என்றால் கோவித்துக்கொள்வார், நீ சொல்லிவிடாதே.

பக்கத்து வீட்டு யுகேந்திரன் தன் லோரியைக் கொடுத்தான், வாடகை வாங்க மாட்டேன் என்றுவிட்டான். வழியெல்லாம் அப்பா பின்னால் தொட்டிக்குப் பக்கத்தில் பழைய மெத்தையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து போனார், இந்த வயதில் இடுப்பு என்னத்துக்கு ஆகும். விரிசலை அடைத்துவிட்டோம், நானே ஒரு ராத்திரியும் ஒரு பகலும் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். நம் கோவிலில் அது இருந்த இடத்தில் சிமெண்டு வெள்ளையாக வட்டமாகத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்த இடத்தைச் சுற்றித்தான் நடக்கிறார், நடுவில் கால் வைப்பதில்லை.

இனி நீங்கள் வரும்போது கொண்டுவர வேண்டியது. பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், ஞானத்தகப்பனின் திருச்சபைக் கடிதம் இரண்டையும் கைப்பையில் வை, பெட்டியில் போடாதே. ஷாமினியைப் பால் கொடுக்கிற வரைக்கும் பட்டினி கிடக்காமல் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். சட்டை இங்கேயே தைக்கிறேன். ஞானஸ்நானத்துக்கு என்ன செய்வது என்று நீ கேட்பாய். நேற்று அப்பா கூச்சப்பட்டுக்கொண்டு போனைத் தொடவே மாட்டேன் என்றார், அதனால் நானே தங்கமணி அக்காவிடம் பேசினேன். எங்கள் பேத்திக்கு உங்கள் தொட்டியில் முழுக்குக் கொடுக்க இடம் தருவீர்களா என்று கேட்டேன். ஜனவரி பதினொன்று, ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும் என்றார். நன்றி சொல்ல வாய் எடுத்தேன், அதற்குள் அவரே சொன்னார், கேட்டு வந்தவங்கள வெறுங்கையா அனுப்புற பழக்கம் எங்களுக்கு இல்ல தாயி.

சந்தியாகப்பர் உங்கள் மூவருக்கும் வழித்துணையாக இருக்கட்டும். பாப்பாவின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு.

உன் அம்மா
லூர்துமேரி

படித்ததும் அப்பாவுக்குப் போன் பண்ணு. தொட்டியைப் பற்றி எதுவும் கேட்காதே, இடுப்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள்.