கால் இல்லாத கொக்கு

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. தினமும் காலையில் உன் நோட்டோடு ஏரிக்கரைக்குப் போய், நீ உட்காரும் கல்லில் உட்கார்ந்து, நீ பார்த்துப் பார்த்து வரையும் கொக்கை வரைகிறேன். கால் மட்டும் எனக்கு வரவில்லை. தண்ணீருக்குள் நிற்பதாக வரைந்து சமாளித்தேன்.

ஏரிக் காவலாளி எட்டிப் பார்த்தார். "ஏன் சார், கொக்கு கரையிலதானே நிக்குது? இது முழுகுற மாதிரி இருக்கே. அம்மா பாத்தா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்னுதான்யா வரையறேன்," என்றேன்.

"ஒரு கொக்கைப் பாக்க மூணு மணி நேரமா?" என்று நீ கிளம்பிப் போன அன்று உன்னிடம் கத்தினேன். இன்று எனக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. கத்தியது தப்பு. ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூட்டிவர பஸ் நிலையத்தில் வந்து நிற்கட்டுமா?

உன் வீட்டுக்காரன்